காக்கை – கூகைப் பகை: இலக்கியச் சான்றும் ஒளிப்படச் சான்றும்

ஆய்வுச் சுருக்கம்

காக்கைக்கும் கூகைக்கும் இடையிலான பகை திருக்குறள், பஞ்சதந்திரம், மகாபாரதம், அரிசுடாட்டிலின் விலங்கியல் நூல் ஆகிய பல மரபுகளில் பதிவாகியுள்ளது. அண்மைக் காலத்தில் இப்பகை ஒளிப்படங்கள் வழியாகவும் மிகுதியாகப் பதிவாகி வருகிறது. இலக்கியத்தில் வரும் பறவைச் செய்திகளுக்கு இப்படங்களைச் சான்றாகக் காட்டும் வழக்கமும் பெருகியுள்ளது. ஒளிப்படம் இப்பகையின் பகற்பகுதியை மட்டுமே பெரிதும் காட்டுகிறது என்பதையும், இலக்கிய மரபோ பகல், இரவு என்னும் இருபொழுதையும் இணைத்தே பேசுகிறது என்பதையும் இக்கட்டுரை நிறுவுகிறது. நோக்குபவரின் செயலே அப்பறவைகளின் காலத்தை மாற்றிவிடக்கூடும் என்பதும் இங்கு எடுத்துரைக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: காக்கை, கூகை, காலமறிதல், காகோலூகம், சூழ்ந்து விரட்டல், ஒளிப்படச் சான்று

முன்னுரை

பழந்தமிழ் நூல்களில் இடம்பெறும் உயிரினச் செய்திகளைக் கள ஆய்வோடு ஒப்பிட்டுப் பொருள்காணும் முறை தமிழாய்வில் நிலைபெற்றுவிட்டது. திணைக் கருப்பொருள்களாக வரும் பறவைகளை இனங்காணவும், உவமைகளின் நுட்பத்தை விளக்கவும் இம்முறை பயன்படுகிறது. அதற்கு உறுதுணையாக வந்து சேர்ந்தது ஒளிப்படம். எழுத்துச் சான்றைவிட ஒளிப்படச் சான்று உறுதியானது என்னும் எண்ணம் பொதுவாக நிலவுகிறது. படத்தில் உள்ளது நிகழ்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆயின் நிகழ்ந்தவை அனைத்தும் படத்தில் உள்ளனவா என்பது வேறு வினா. காக்கை – கூகைப் பகை இவ்வினாவை எழுப்புவதற்கு மிகவும் ஏற்ற களமாகும். ஏனெனில் இப்பகையின் ஒருபாதி ஒளியிலும் மறுபாதி இருளிலும் நடைபெறுகிறது.

குறள் எடுத்துக்கொள்ளும் பொழுது

திருக்குறளின் பொருட்பாலில் வலியறிதல் (அதிகாரம் 48), காலமறிதல் (49), இடனறிதல் (50) ஆகிய மூன்றும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. அவற்றுள் காலமறிதலின் முதற் குறளே (481) காக்கை கூகையைப் பகலில் வெல்வதை எடுத்துக்காட்டாக்கி, பகையை வெல்லக் கருதும் வேந்தருக்குப் பொழுது வேண்டும் என்கிறது. காக்கையினும் கூகை வலியது என்னும் செய்தி குறளின் சொற்களில் வெளிப்படையாக இல்லை. பரிமேலழகரே தம் உரையில் அதனை வருவித்துரைக்கிறார். உவமையை எடுத்துக்காட்டுவமை என்றும் சுட்டுகிறார். வலியறிதலை அடுத்துக் காலமறிதல் வைக்கப்பட்டிருத்தலின், வலியைக் காலம் கடந்து நிற்கும் என்பதைக் காட்ட அவ்வருவித்தல் பொருத்தமுடையதாகிறது.

இங்கு இரண்டு கூறுகள் கருதத்தக்கன. முதலாவது, கூகைக்குப் பகலில் கண் தெரியாது என்னும் கருத்து குறளில் இல்லை. பகலில் காக்கை வெல்லும் என்பது மட்டுமே கூறப்படுகிறது, காரணம் கூறப்படவில்லை. இரண்டாவது, காக்கை என்பது பால்பகா அஃறிணைப் பெயர். வெல்லும் என்பது செய்யும் என்னும் வாய்பாட்டு முற்று. இம்முற்று பலர்பாற் படர்க்கையிலும் முன்னிலை, தன்மை இடங்களிலும் வாராதேனும், அஃறிணையில் ஒன்றன்பால், பலவின்பால் ஆகிய இரண்டற்கும் உரியது. எனவே காக்கை ஒன்று வெல்லும் எனவும் காக்கைகள் பல வெல்லும் எனவும் இருவகையாகவும் கொள்ள இலக்கணம் இடந்தருகிறது. களத்தில் காணப்படுவது எது என்பது பின்னர் விளக்கப்படும்.

கூகை என்னும் பெயரின் எல்லை

தொல்காப்பிய மரபியல், அளகு என்னும் பெண்பாற் பெயர் கோழிக்கும் கூகைக்கும் உரியது என வரையறுக்கிறது. சங்க இலக்கியத்தில் கூகையோடு குடிஞை, குரால், ஊமன் முதலிய பெயர்களும் வழங்குகின்றன. நற்றிணை 83ஆம் பாடலில் ஊர் வாயிலின் நீர்த்துறையை அடுத்த, தெய்வம் உறையும் முதுமரத்தில் கூகை வாழ்கிறது. அதன் வளைந்த வாயும் தெளிந்த கண்ணும் கூரிய உகிரும் அங்குக் குறிக்கப்படுகின்றன. அதற்கு எலியின் சூட்டிறைச்சி தருவதாகத் தோழி கூறுதல், அதன் உணவு குறித்த நேரிய அறிவைக் காட்டுகிறது. குறுந்தொகை 153இல் குன்றில் வாழும் கூகையின் குழறல் அச்சந் தருகிறது. பட்டினப்பாலையில் பாழ்பட்ட பகைப்புலத்தில் கூகை குரலெழுப்புகிறது. புறநானூறு 364ஐப் பாடிய புலவர், தம் பாடலில் ஆண்ட சொற்றொடரால் கூகைக்கோழியார் என்றே பெயர்பெற்றார்.

குன்று, ஊர்ப்புற முதுமரம், பாழிடம் என இவ்வாறு வேறுபட்ட வாழிடங்கள் சுட்டப்படுவதால், இலக்கியக் கூகையை ஓர் இனத்தோடு மட்டும் பொருத்துதல் இயலாது. இக்காலத் தமிழ்ப் பறவையியல் வழக்கில் கூகை என்பது, வெளிறிய இதயவடிவ முகமுடைய, கட்டடங்களிலும் மரப்பொந்துகளிலும் தங்கும் ஆந்தையைக் குறிக்கிறது. பாறைக் குன்றுகளிலும் ஓடைக்கரைச் சரிவுகளிலும் வாழும் பேராந்தை, கொம்பன் ஆந்தை எனப்படுகிறது. ஊர்க் காக்கை ஏறத்தாழ 300 கிராம் எடையுடையது. கொம்பன் ஆந்தை ஒரு கிலோவிற்கு மேற்பட்டது. புள்ளி ஆந்தையோ காக்கையினும் மிகச் சிறியது. ஆகவே வலியது என்னும் உரைக்குறிப்பு கொம்பன் ஆந்தை போன்ற பேராந்தைக்கே முழுதும் பொருந்தும். புள்ளி ஆந்தையைக் காக்கை விரட்டும் படத்தைக் குறள் 481க்கு விளக்கமாகக் காட்டினால், வலியதை எளியது வெல்லுதல் என்னும் உவமையின் உயிர்நிலை அழிந்துவிடும். படத்தைச் சான்றாக்குமுன் இனத்தை வரையறுக்க வேண்டுவது இதனாலேயாம்.

பகலும் இரவும்: பிற மரபுகளின் சான்று

குறள் பகற்பொழுதை எடுத்துக்கொண்டது. மகாபாரதத்தின் சௌப்திக பருவம் இரவுப்பொழுதை எடுத்துக்கொள்கிறது. போரில் தோற்ற அசுவத்தாமன் ஆலமரத்தடியில் உறக்கமின்றி இருக்கும்போது, கிளைகளில் உறங்கும் காக்கைகளை ஆந்தை ஒன்று கொன்று குவிப்பதைக் காண்கிறான். உறங்கும் பாசறையைத் தாக்கும் எண்ணம் அவனுக்கு அக்காட்சியிலிருந்தே பிறக்கிறது. பகை ஒன்றே, பொழுது மாறியதும் வென்றவர் மாறினர். காலமறிதல் என்னும் அரசியல் அறம் ஒன்றில் வெளிப்பட, உறங்குவோரைக் கொல்லும் கொடுமை மற்றொன்றில் வெளிப்படுகிறது. ஒரே இயற்கை நிகழ்ச்சியின் இருபாதிகளும் எதிரெதிரான பொருள்களுக்கு உவமையாகியுள்ளமை ஒப்பிலக்கிய நோக்கில் குறிப்பிடத்தக்கது.

பஞ்சதந்திரத்தின் மூன்றாம் தந்திரம் இருபாதிகளையும் ஒரே கதையில் இணைக்கிறது. ஆந்தையரசன் அரிமர்த்தனன் இரவுதோறும் ஆலமரத்துக் காக்கைகளைக் கொல்கிறான். காக்கையரசன் மேகவர்ணனின் முதிய அமைச்சன் பகைவரிடம் அடைக்கலம் புகுந்தவனைப்போல் நடித்து, அவர்தம் குகையின் இயல்பை அறிந்து, பகலில் அதன் வாயிலில் தீமூட்டச் செய்கிறான். இங்கும் வெற்றிகள் பொழுதால் பகுக்கப்பட்டுள்ளன. இக்கதை பாரசீகத்தின் பகலவி மொழி வழியாக அரபு மொழியில் கலீலா வ திம்னா என வழங்கியது. தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து பெயர்த்து 1826இல் வெளியிட்ட பஞ்சதந்திரக் கதை வழியாகத் தமிழ் உரைநடையிலும் பரவியது.

இந்திய மரபுக்கு வெளியே, அரிசுடாட்டில் தம் விலங்குகளின் வரலாறு என்னும் நூலின் ஒன்பதாம் பகுதியில் இவ்விரு பறவைகளையும் பகைகளாகக் குறிக்கிறார். ஆந்தைக்குப் பகலில் கூரிய பார்வை இன்மையின் காக்கை நண்பகலில் அதன் முட்டைகளை உண்கிறது என்றும், ஆந்தை இரவில் காக்கையின் முட்டைகளை உண்கிறது என்றும் அவர் கூறுகிறார். பகலில் சிறு பறவைகள் ஆந்தையைச் சூழ்ந்து பறப்பதையும், வேடர் அதனைப் பயன்படுத்தி அப்பறவைகளைப் பிடிப்பதையும் அவர் பதிவுசெய்துள்ளார். காரணங்காட்டலில் பிழையிருப்பினும், இருபொழுதுக்கும் இருவேறு வெற்றி என்னும் அமைப்பு அவரிடமும் மாறாமல் உள்ளது.

களத்தில் காணப்படும் பகை

பகலில் ஆந்தையைக் கண்ட பறவைகள் கூட்டமாகத் திரண்டு, கூச்சலிட்டு, பாய்ந்து பாய்ந்து அதனை அகற்றும் செயல் சூழ்ந்து விரட்டல் எனப்படும். காக்கைகளிடம் இது பெரும்பாலும் ஒரே ஒழுங்கில் நிகழ்கிறது. ஆந்தையைக் கண்ட முதற் காக்கை தொடர்ந்து கரைகிறது. அக்குரல் கேட்டுப் பிற காக்கைகள் வந்து கூடுகின்றன. சில அருகிலுள்ள கிளைகளில் அமர்ந்து கரைய, சில ஆந்தையின் பின்புறமிருந்து பாய்கின்றன; ஆந்தை திரும்பியதும் விலகுகின்றன. ஆந்தை தன் இறகுகளைப் பருக்கச் செய்தோ, அலகைச் சொடுக்கியோ, அசையாதிருந்தோ இதனை எதிர்கொள்கிறது. பொறுக்கலாகாதபோது இடம்பெயர்கிறது, காக்கைகள் பின்தொடர்கின்றன.

ஆந்தைகளுக்குப் பகலிலும் கண் தெரியும். கண்மணியைச் சுருக்கி ஒளியின் அளவைக் குறைத்துக்கொள்ளும் ஆற்றல் அவற்றுக்கு உண்டு. பகலில் அவை இழப்பது வேறொன்று. இரையறியாமல் அணுகுதலே ஆந்தையின் வேட்டைமுறை. இறக்கையின் முன்விளிம்பில் உள்ள சீப்புப் போன்ற அமைப்பு சிறகொலியைக் குறைக்கிறது. முழு இருளிலும் ஒலியைக்கொண்டே கூகை எலியைப் பிடிக்கும் என்பதை உரோசர் பெய்ன் ஆய்வுகளால் நிறுவி 1971இல் வெளியிட்டார். மறைவு, அமைதி, செவிக்கூர்மை ஆகிய இம்மூன்றன் பயனும் பகலொளியில் குன்றிவிடுகிறது. காக்கைக்கோ பார்வை, விரைந்து திரும்பும் பறத்தல், இனத்தின் துணை ஆகிய மூன்றும் பகலில் முழுமையாகப் பயன்படுகின்றன. ஆகவே கூகை தோற்பது குருட்டுத்தன்மையால் அன்று, பொழுதால் என்பது புலனாகிறது. காரணங்கூறாது பொழுதை மட்டும் கூறிய குறளின் கூற்று, பகற்குருடு என்னும் விளக்கத்தைவிட இயற்கைக்கு நெருக்கமாக அமைந்துள்ளது.

முன்னர்ச் சுட்டிய இலக்கண இடமும் இங்குத் தெளிவுபெறுகிறது. பேராந்தையைக் காக்கைகள் எதிர்ப்பது பெரும்பாலும் கூட்டமாகவே. பால்பகாப் பெயரைப் பலவின்பாலாகக் கொள்ளும் பொருள் களச்சான்றோடு மிகுதியும் ஒத்துவருகிறது. மேலும் இவ்வெற்றி பெரும்பாலும் கொலையாக முடிவதில்லை. இடத்தைவிட்டு அகற்றுதலாகவே முடிகிறது. இரவில் பேராந்தை பெறும் வெற்றியோ உயிர் கவர்வதாகும். வட அமெரிக்காவின் பெருங்கொம்பு ஆந்தையும் ஐரோப்பியப் பேராந்தையும் காக்கையினப் பறவைகளை இரையாகக் கொள்வது, அவை உண்டபின் கக்கும் எலும்பும் இறகும் அடங்கிய உருண்டைகளாலும் இரை மிச்சங்களாலும் அறியப்பட்டுள்ளது. இருதரப்பு வெற்றிகளும் எடையால் சமமல்ல.

நிலைத்த பகையா, கற்ற பகையா

நிலைத்த பகையுடைய உயிர்களின் பெயர்கள் தொகையாகும்போது ஒருமையில் வரும் எனப் பாணினியின் அட்டாத்தியாயி (2.4.9) விதிக்கிறது. பாம்பும் கீரியும் போலக் காக்கையும் ஆந்தையும் இணைந்த காகோலூகம் என்னும் தொகை இவ்விதிக்குப் பிற்கால உரைமரபில் எடுத்துக்காட்டாகிறது. இலக்கண நூலார் இப்பகையை இயல்பாகவே நிலைத்தது எனக் கொண்டனர். உலூக சாதகமோ (எண் 270) இதற்குத் தொடக்கம் ஒன்றைக் கூறுகிறது: பறவைகள் ஆந்தையை அரசனாக்க முனைந்தபோது, அதன் முகத்தைச் சுட்டிக் காக்கை மறுத்தமையே பகைக்குக் காரணமாயிற்று. இயல்பு என்பதும் நிகழ்வின் விளைவு என்பதும் ஆகிய இரு விளக்கங்களும் மரபில் அருகருகே நின்றுள்ளன.

விலங்கு நடத்தையியலும் இவ்விரண்டிற்கும் இடையிலேயே நிற்கிறது. ஆந்தையின் பெருந்தலை, குறுவால், முன்னோக்கிய கண்கள், புள்ளிகளும் கோடுகளும் உடைய உடல் ஆகியவை பறவைகளின் எதிர்ப்பைத் தூண்டுவதை மர உருவங்களைக் கொண்டு நடத்திய ஆய்வுகள் காட்டின. மறுபுறம், செருமானிய விலங்கியலாளர் எபர்கார்டு கூரியோவும் அவர் குழுவினரும் 1978இல் வெளியிட்ட ஆய்வு, கற்றலின் பங்கை வெளிப்படுத்தியது. கரும்பறவை ஒன்று ஆந்தையைக் கண்டு எதிர்க்க, அதனைக் கேட்டுக்கொண்டிருந்த மற்றொன்றுக்குத் தீங்கற்ற வேறொரு பறவை காட்டப்பட்டது. அது அத்தீங்கற்ற பறவையையே பகையாகக் கற்றுக்கொண்டது; பின்னர் அதனைப் பிறவற்றுக்கும் கற்பித்தது. அமெரிக்காவின் வாசிங்டன் பல்கலைக்கழகத்தில் 2006இல் தொடங்கிய ஆய்வில், தம்மைப் பிடித்தவர் அணிந்த முகமூடியைக் காக்கைகள் ஆண்டுக்கணக்கில் நினைவிற்கொண்டு எதிர்த்தன. பிடிபடாத காக்கைகளும் அதனைக் கற்றுக்கொண்டன. பகையின் பொறி இயல்பில் உள்ளது. அதன் இலக்கைக் கூட்டம் கற்பிக்கிறது எனலாம்.

ஒளிப்படம் காட்டுவதும் காட்டாததும்

இப்பின்னணியில் ஒளிப்படத்தின் சான்றுத்தன்மையை மதிப்பிடலாம். பாயும் காக்கையை மங்கலின்றிப் பதிவுசெய்ய ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கோ அதனினும் குறைந்த நேரமோ வேண்டும். அதற்கு ஒளி மிகுதியாக வேண்டும். எனவே காக்கை – கூகைப் பகையின் படங்களில் மிகப் பெரும்பாலானவை காக்கைக்குரிய பொழுதிலேயே எடுக்கப்படுகின்றன. இப்படங்களை மட்டும் தொகுத்து நோக்குவோர்க்குக் காக்கை எப்போதும் தாக்குவதாகவும் கூகை எப்போதும் தாங்குவதாகவும் தோன்றும். சௌப்திக பருவத்தின் காட்சி ஒளிப்படத் தொகுப்பில் இல்லாமை, அது நிகழாமையைக் காட்டாது. அதனைப் பதிவுசெய்யும் ஒளி இல்லாமையையே காட்டும்.

இருளைப் பதிவுசெய்ய முயன்றோர் பட்ட இடர்ப்பாடுகளும் வரலாற்றில் உள்ளன. பிரித்தானியப் பறவை ஒளிப்படக் கலைஞர் எரிக் ஆசுகிங், 1937இல் வேல்சில் ஆந்தைக் கூட்டருகே இரவில் சென்றபோது, ஆந்தையின் உகிர் பட்டு இடக்கண்ணை இழந்தார். இக்காலத்தில் அகச்சிவப்பு ஒளியில் இயங்கும் தானியங்கிக் கேமராக்கள் ஆளின்றியே கூடுகளைக் கண்காணிக்கின்றன. ஆயினும் அவை நிறுவப்பட்ட இடத்தை மட்டுமே காண்பன.

பகற்படங்களிலும் கருதவேண்டிய வரம்புகள் உள. நெடுந்தொலைவு வில்லை, முன்பின்னாக உள்ள பொருள்களுக்கிடையிலான தொலைவைச் சுருக்கிக் காட்டுவது போன்ற தோற்றத்தைத் தரும். கூகைக்குப் பின்னால் சில அடி தள்ளிப் பறக்கும் காக்கை, அதன் முதுகைக் கொத்துவதாகப் படத்தில் தோன்றலாம். தனிப்படம் ஒரு நொடியின் நுண்பகுதியைக் காட்டுமேயன்றி, யார் முதலில் வந்தனர், எத்தனை காக்கைகள் கூடின, கூகை எப்போது அகன்றது என்பவற்றைக் காட்டாது. தொடர்படங்களும், பதிவான நாள், நேரம், இடம் ஆகியவற்றின் குறிப்புகளும், எழுத்தாலான களக்குறிப்பும் சேர்ந்தாலன்றிப் படம் முழுச் சான்றாகாது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் மக்காலே நூலகம் போன்ற தொகுப்புகள் படத்தோடு இத்தகைய குறிப்புகளையும் பேணுவது இலக்கிய ஆய்வாளர்க்கும் பயன்தரும். தமிழில் இயற்கை எழுத்தையும் ஒளிப்படத்தையும் ஒருங்கே பயின்ற மா. கிருஷ்ணன் (1912–1996) போன்றோரின் பணி, படமும் எழுத்தும் ஒன்றையொன்று நிறைவுசெய்யும் முறைக்கு முன்மாதிரியாகும்.

நோக்குபவரும் காலமும்

கூகைக்குப் பகலில் காப்பாவது மறைவிடம். அம்மறைவிடத்திலிருந்து அதனை எழுப்பினால் காக்கைகளுக்குரிய காலம் அப்போதே தொடங்கிவிடுகிறது. பறக்கும் படம் வேண்டிக் கிளையை அசைத்தல், கல்லெறிதல், பதிவுசெய்த குரலை ஒலிக்கச் செய்தல், கூட்டின்முன் உள்ள இலைகளை அகற்றல் ஆகிய செயல்களால் எடுக்கப்படும் படத்தில் பதிவாவது இயற்கைப் பகையன்று. மனிதர் உண்டாக்கிய நிகழ்ச்சியாகும். அத்தகைய படம் ஆய்வுச் சான்றாகும் தகுதியை இழக்கிறது. அதனினும் மேலாக, உயிருக்கு ஊறு விளைக்கிறது. குஞ்சு பொரித்த காலத்தில் இதன் விளைவு மேலும் கொடியது. பெற்றோர் அகன்ற கூட்டைக் காக்கைகள் எளிதில் அணுகிவிடும்.

ஆந்தைகள் ஏற்கெனவே அச்சத்தாலும் மூடநம்பிக்கையாலும் துன்புறுவன. மாந்திரீகச் சடங்குகளுக்காக அவை பிடித்து விற்கப்படுவதை டிராபிக் இந்தியா அமைப்பின் 2010ஆம் ஆண்டு அறிக்கை விரிவாக எடுத்துக்காட்டியது. காக்கையோ 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் தீங்குயிர் அட்டவணையில் வைக்கப்பட்டிருந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வட்டவணையை நீக்கியது. ஒன்றைத் தீக்குறியாகவும் மற்றொன்றைத் தீங்குயிராகவும் கண்ட பார்வையைத் திருத்துவதில் நேரிய பதிவுகளுக்குப் பங்குண்டு. காக்கையைக் கொடியதாகவும் கூகையை ஏதிலியாகவும் காட்டும் பகற்படங்கள் அப்பணியைச் செய்யமாட்டா. தன் கூட்டையும் உறங்குமிடத்தையும் காக்கும் முயற்சியே காக்கையின் பகற்செயல் என்பது, இரவுப்பாதியை அறிந்தோர்க்கே விளங்கும்.

முடிவுரை

காக்கை – கூகைப் பகை பொழுதால் பகுக்கப்பட்ட ஒன்று. குறள் 481 அதன் பகற்பாதியையும், சௌப்திக பருவம் இரவுப்பாதியையும், பஞ்சதந்திரமும் அரிசுடாட்டிலின் நூலும் இருபாதிகளையும் பதிவுசெய்துள்ளன. பகற்குருடு என்னும் விளக்கத்தைச் சாராத குறளின் கூற்று களச்சான்றோடு ஒத்துள்ளது. அதன் பெயரும் வினைமுற்றும் காக்கைக் கூட்டத்தின் வெற்றிக்கும் இடந்தருகின்றன. உரையாசிரியர் கூறும் வலிமை, பேராந்தையைக் கொண்டால் மட்டுமே முழுதும் பொருந்தும். ஒளிப்படச் சான்று பெரும்பாலும் பகற்பாதிக்கே உரியது. ஆதலின் அதனை இலக்கியச் சான்றுக்கு மேலாக வைக்காமல், இனம், நேரம், எடுக்கப்பட்ட முறை ஆகியவற்றை வினவி, அதனோடு இணைத்துப் பயன்படுத்துதல் வேண்டும். காலமறிதல் வேந்தர்க்கு உரைக்கப்பட்டதாயினும், கேமராவோடு களம்புகும் ஆய்வாளர்க்கும் அது பொருந்துவதே. எப்போது அணுகுவது என்பதோடு எப்போது விலகிநிற்பது என்பதையும் அறிதலே இங்குக் காலமறிதலாகும்.